கிண்டிக்கும் பெங்களூருக்கும் புறப்படும் நம் பிள்ளைகளுக்கு

திருப்பதி, சித்தூர், நகரி, புத்தூர், சத்தியவேடு முதலிய ஊர்களில் பிறந்து வளர்ந்து, இவ்வாண்டு சென்னையிலோ பெங்களூரிலோ உள்ள பெரிய சர்வகலாசாலைகளில் ஆராய்ச்சி பயிலச் செல்லும் தமிழ் மாணவ மாணவியருக்கு, திருப்பதியிலிருந்து எழுதும் மடல்.

அன்புமிக்க இளைஞர்களே,

ஆண்டுதோறும் ஆனி, ஆடி மாதங்களில் உங்களைப் போன்ற பிள்ளைகளின் பெற்றோர் சிலர் என்னைத் தேடி வருவதுண்டு. விடுதியில் சாப்பாடு எப்படி, உதவித்தொகை மாதந்தோறும் ஒழுங்காக வருமா, பெண்பிள்ளை இரவில் லேபிலிருந்து தனியே திரும்ப நேருமா, பட்டம் கைக்கு வர எத்தனை வருஷம் பிடிக்கும் என்றெல்லாம் அவர்கள் கேட்கும் கேள்விகள் நியாயமானவை. இயன்றவரை விடை சொல்லி அனுப்புகிறேன். ஆனால் அந்த ஐந்தாறு வருஷங்களில் அங்கே என்னதான் செய்கிறார்கள், காலையில் எழுந்து போகும் ஒரு பிள்ளை மாலைக்குள் எதைக் கற்றுக்கொண்டு திரும்புகிறது என்பதை அவர்களும் கேட்பதில்லை, நீங்களும் கேட்பதில்லை. சென்னையில் ஆராய்ச்சி மாணவனாகச் சில வருஷங்கள் வாழ்ந்து, பிறகு ஆயுளின் பெரும்பகுதியை நம்மூரிலேயே ஆசிரியத் தொழிலில் கழித்தவன் என்ற உரிமையில், அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

முதுகலை வரை நீங்கள் எழுதிய பரீட்சைகளில், கேள்வித்தாளில் அச்சான ஒவ்வொரு வினாவுக்கும் எங்கோ ஒரு புத்தகத்தில் விடை இருந்தது. அதைத் தேடிப் படித்து, மனத்தில் இருத்தி, மூன்று மணி நேரத்தில் எழுதிக் காட்டியதனாலேயே முதல் வகுப்பில் தேறினீர்கள். போகுமிடத்திலோ, கோர்ஸ் வொர்க் எனப்படும் முதற் பருவங்கள் கழிந்த பிறகு, உங்கள் மேஜைமேல் வந்து அமரும் வினாவுக்கு விடை எந்தப் புத்தகத்திலும் இராது. அதை உங்களிடம் கொடுத்த கைடுக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் அதை ஆராய்ச்சிக்கென்று கொடுத்திருக்க மாட்டார். இந்த நிலைமை எவ்வளவு விசித்திரமானது என்பது சேர்ந்து ஒரு வருஷம் ஆன பின்புதான் உறைக்கும். இத்தனை காலமும் மதிப்பெண்ணையே துணையாகக் கொண்டு வந்த பிள்ளை, மதிப்பெண்ணே போடப்படாத ஒரு வாழ்க்கையில் நாள்தோறும் எழுந்து, தான் முன்னேறுகிறோமா இல்லையா என்று சொல்லுவார் இல்லாமல் வேலை செய்ய வேண்டியிருக்கும். அந்த வருஷத்தில் மனம் சோர்ந்து போவது உங்களுக்கு மாத்திரம் நேர்வதன்று என்பதை இப்போதே சொல்லி வைக்கிறேன்.

நம் ஜில்லாவிலிருந்து பட்டணத்துக்குப் படிக்கப் போவது புதிய காரியமன்று. திருச்சானூரில் பிறந்த அனந்தசயனம் ஐயங்கார் பச்சையப்பன் கல்லூரியிலும் சட்டக் கல்லூரியிலும் பயின்று, பின்னாளில் மக்களவையின் சபாநாயகராக வீற்றிருந்தார். சித்தூரை அடுத்த கட்டமஞ்சியில் 1880இல் பிறந்த ராமலிங்க ரெட்டி, சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி வழியாகக் கேம்பிரிட்ஜ் வரை சென்று மீண்டு, 1926இல் ஆந்திர சர்வகலாசாலையின் முதல் துணைவேந்தரானார். நான் சொல்ல வந்த விஷயத்துக்கு இவர்கள் எல்லோரையும்விட நெருங்கியவர் ராதாகிருஷ்ணன். அவர் பிறந்த திருத்தணி 1960 வரையில் நம் சித்தூர் ஜில்லாவைச் சேர்ந்திருந்தது என்பதும், இதே திருப்பதியின் லூதரன் மிஷன் பள்ளியில்தான் அவர் சிறுவனாகப் படித்தார் என்பதும் இன்றைய பிள்ளைகள் பலருக்குத் தெரியாது.

அவர் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் தத்துவம் படித்துக்கொண்டிருந்த காலத்தில், வேதாந்தத்தில் ஒழுக்கவியலுக்கு இடமே இல்லை என்ற ஆக்ஷேபம் கிறிஸ்தவ அறிஞர்களால் ஓயாமல் எழுப்பப்பட்டு வந்தது. தம் எம். ஏ. பட்டத்துக்குரிய ஆய்வுரையை அந்த இளைஞர் அதற்கு மறுப்பாகவே எழுதினார். 1908இல் அச்சேறிய அந்த நூல் தம் பேராசிரியரான ஹாக் அவர்களின் மனத்தைப் புண்படுத்திவிடுமோ என்ற அச்சம் எழுதியவருக்கு இல்லாமற் போகவில்லை. ஆனால் ஹாக் அதைப் படித்துப் பார்த்து, மாணவரின் சிந்தனைத் தெளிவைப் பாராட்டி எழுதிக் கொடுத்தார். மாணவன் ஆசிரியரோடு உடன்படாமல், அந்த மறுப்பைச் சான்றுகளோடும் மரியாதையோடும் எழுதி அவர் கையிலேயே கொடுப்பதும், ஆசிரியர் அதை வாங்கிப் படித்து நியாயம் வழங்குவதும் நிகழுமானால்தான் ஓரிடம் ஆராய்ச்சிக்கு உரிய இடமாகிறது. மற்றக் கட்டடங்களும் கருவிகளும் அதற்குப் பிறகே வருகின்றன.

நம் பிள்ளைகளுக்கு இங்கேதான் கஷ்டம் இருக்கிறது. பெரியவர் பேசும்போது குறுக்கே பேசாமலிருப்பது நல்ல வளர்ப்பு என்று நம் வீடுகளில் நாம் சொல்லித் தருகிறோம், கேள்வி கேட்கும் குழந்தையை வாயாடி என்கிறோம், பள்ளிக்கூடத்திலும் அப்படியே. அந்த அடக்கத்தின் அழகை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆயினும் விளங்காததை விளங்கியதுபோல் தலையசைத்துக் கேட்டுக்கொண்டிருக்கும் பழக்கத்தையும் அதனோடு சேர்த்தே சுமந்துகொண்டு நீங்கள் ரயிலேறுகிறீர்கள் என்பதைப் பல வருஷங்களாகப் பார்த்து வருகிறேன்.

நான் ஆராய்ச்சியில் சேர்ந்த புதிதில், கிண்டியில் ஒரு பிற்பகல் கருத்தரங்குக்குப் போயிருந்தேன். பேசியவர் என்னைவிடச் சற்றே மூத்த ஒரு மாணவி. கரும்பலகையில் ஒரு சமன்பாட்டின் நாலாவது வரியை எழுதி ஐந்தாவதுக்கு அவர் நகர்ந்தபோது, முன்வரிசையிலிருந்த, தலை முழுதும் நரைத்த ஒரு பேராசிரியர் கையை உயர்த்தி, "அந்த இடம் எனக்கு விளங்கவில்லை, அம்மா, மறுபடி ஒருமுறை சொல்லுங்கள்" என்றார். மாணவி மறுபடி சொன்னார். பேராசிரியருக்கு அப்போதும் விளங்கவில்லை. மூன்றாம் முறை விளக்க முற்பட்டபோது சுண்ணக்கட்டி பாதி வரியில் நின்றுவிட்டது. அங்கே ஓர் அனுமானம் நிரூபிக்கப்படாமலே உள்ளே புகுந்திருப்பது எழுதியவருக்கே புலப்பட்டுவிட்டது. அரங்கத்தில் ஒருவரும் நகைக்கவில்லை. பேராசிரியர் எழுந்து பலகையருகே போனார். இருவருமாக நின்று, மற்றவர்கள் இருப்பதையே மறந்தவர்கள்போல், அந்த ஓர் அடியை எப்படிக் கடப்பது என்று நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். அத்துறையில் பெரும் புகழ் பெற்றவர் அத்தனை பேர் நடுவில் தமக்கு விளங்கவில்லை என்று சொன்னதையும், அப்படிச் சொன்னதனால் அவருடைய மதிப்பு அணுவளவும் குறையாததையும் கண்டபோது, இங்கே வந்தது வீணன்று என்று எனக்குத் தோன்றியது.

அந்தக் கிண்டிப் பக்கத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். சர்தார் படேல் சாலை என்று இன்று வழங்கும் அந்தச் சாலையை ஒட்டிச் சென்னைச் சர்வகலாசாலையின் கிண்டி வளாகம், அழகப்பச் செட்டியார் பெயரால் அமைந்த தொழில்நுட்பக் கல்லூரி, 1948இல் தோன்றிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம், மேற்கு ஜெர்மனியின் உதவியோடு 1959இல் கிண்டிக் காட்டின் ஒரு பகுதியில் எழுந்த இந்தியத் தொழில்நுட்பக் கழகம் ஆகியவை அடுத்தடுத்து இருக்கின்றன. சற்றுத் தள்ளித் தரமணியில் கணித விஞ்ஞான நிலையமும் ரோஜா முத்தையா நூலகமும் இருக்கின்றன. பெருநகரத்தில் படிப்பதன் லாபம் கடற்கரையும் சினிமாக் கொட்டகையும் அல்ல. உங்களுக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்தவர், நடந்தே போய்க் கேட்கக்கூடிய தூரத்தில் இருக்கிறார் என்பதே.

இதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். 1952இல் லக்ஷ்மணஸ்வாமி முதலியார் சென்னைச் சர்வகலாசாலையின் துணைவேந்தராக இருந்தபோது, முப்பது வயதுகூட நிரம்பாத ஜி. என். ராமச்சந்திரனைப் பௌதிகப் பேராசிரியராக அழைத்து வந்தார், சி. வி. ராமனின் மாணவர் அவர், பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் பயின்றவர். அவ்வாண்டு சென்னைக்கு வந்திருந்த பெர்னால் என்ற ஆங்கில விஞ்ஞானி, கொலாஜன் என்னும் புரதத்தின் அமைப்பைப் பற்றி இதுவரை சொல்லப்பட்ட எதுவும் திருப்தியாக இல்லை என்று பேச்சுவாக்கில் குறிப்பிட்டார். நம் தோலுக்கும் எலும்புக்கும் தசைநாணுக்கும் ஆதாரமாக இருப்பது இந்தப் புரதமே. தோலைப் பதனிடும் தொழிலுக்கும் இதுவே மூலப்பொருள். ஆகவே ராமச்சந்திரன் அதைத் தேடிச் சீமைக்கு எழுதிக்கொண்டிருக்க வேண்டியிருக்கவில்லை. அண்மையிலிருந்த தோல் ஆராய்ச்சி நிலையமே மாதிரிகளைத் தந்து உதவியது. கங்காருவின் வால் தசைநாணைக்கூட அவரும் அவரோடு உழைத்த கோபிநாத கர்த்தாவும் எக்ஸ் கதிர் வழியே படம் பிடித்துப் பார்த்தார்கள். அந்தப் புரதத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கிளைசீன் என்ற மிகச் சிறிய அமினோ அமிலமாகவே இருப்பது எதனால் என்ற கேள்வியைப் பற்றிக்கொண்டு போனவர்கள், 1954இல் விடை கண்டார்கள்: மூன்று சங்கிலிகள் மூன்று புரிக் கயிறுபோல் ஒன்றையொன்று தழுவி நிற்கின்றன; நடுவில் இடம் மிகக் குறுகலாதலால், ஒவ்வொரு சங்கிலியிலும் மூன்று அமினோ அமிலங்களுக்கு ஒன்று வீதம் மிகச் சிறியதான கிளைசீன் அங்கே வந்து அமர வேண்டியிருக்கிறது. மறு வருஷமே அந்த அமைப்பை இன்னும் திருத்தி, மூன்று சங்கிலிகளும் சேர்ந்து மேலும் ஒரு முறுக்கு முறுக்கிக்கொண்டிருப்பதாக எழுதினார்கள்.

இது பெருமைக்குரிய கதையாதலால் பலர் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு இதற்குப் பின் நடந்ததே பெரிதாகத் தோன்றுகிறது. அதே 1955இல் ரிச், கிரிக் என்ற இரு விஞ்ஞானிகள், இந்த அமைப்பில் சில அணுக்கள் ஒன்றுக்கொன்று தகாத அளவுக்கு நெருங்கி நிற்கின்றன, ஆதலால் இதை ஏற்பதற்கில்லை என்று எழுதினார்கள். கிரிக் என்பவர் இரண்டு வருஷங்களுக்கு முன்புதான் டி. என். ஏ.யின் அமைப்பைக் கண்டு உலகப் பிரசித்தி பெற்றவர். சென்னையில் இருந்தவர்களுக்கு இரண்டு வழிகள் இருந்தன: மனம் நொந்து ஒதுங்குவது, அல்லது கோபத்தோடு வாதாடுவது. ராமச்சந்திரன் அந்த ஆக்ஷேபத்துக்குள்ளேயே புகுந்தார். தகாத நெருக்கம் என்றால் எவ்வளவு? இரண்டு அணுக்கள் எத்தனை தூரம் வரை நெருங்கலாம்? அதுவரை ஆராயப்பட்ட அமினோ அமிலங்கள், சிறு பெப்டைடுகள் ஆகியவற்றின் பளிங்கு அமைப்புகளையெல்லாம் தேடியெடுத்து, அணுக்களுக்கு இடையிலுள்ள தூரங்களைப் பட்டியலிட்டு, தம் மாணவர்களான ராமகிருஷ்ணனோடும் சசிசேகரனோடும் சேர்ந்து, ஒரு புரதச் சங்கிலி எந்த எந்தக் கோணங்களில் திரும்ப முடியும், எவற்றில் திரும்பவே முடியாது என்பதைக் கணக்கிட்டு ஒரு சதுரப் படத்தில் வரைந்தார். 1963இல் வெளியான அந்தப் படம், இன்று உலகத்தில் எந்த மூலையில் எந்தப் புரதத்தின் அமைப்பைக் கண்டறிந்தாலும், அது சரிதானா என்று ஒத்துப் பார்க்கும் கருவியாக ராமச்சந்திரன் பெயரிலேயே வழங்கிவருகிறது. கண்டனம் வராமலிருந்தால் அது பிறந்திருக்குமா என்பது சந்தேகம். உங்கள் முதற் கட்டுரையைப் பெயர் தெரியாத ஒருவர் கடுமையாக விமரிசித்துத் திருப்பி அனுப்பும் நாளில் இந்தப் பதினோரு வருஷ வரலாற்றை எடுத்துப் படியுங்கள்.

சர்வகலாசாலைகள் எப்போதும் நியாயமாகவே நடந்துகொள்ளும் என்று நான் சொன்னால் அது உண்மையாகாது. 1857இல் பரீட்சை நடத்திப் பட்டம் கொடுக்கவென்றே பிறந்த சென்னைச் சர்வகலாசாலை, 1913ஆம் ஆண்டு மே மாதம் தன் வழக்கத்தை மீறி ஓர் அரிய காரியம் செய்தது. எப். ஏ. பரீட்சையில் தேறாதவரும், துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்துக்குக் கணக்கெழுதிக்கொண்டிருந்தவருமான ராமாநுஜனுக்கு, பட்டம் ஒன்றும் இல்லாதிருந்தும், மாதம் 75 ரூபாய் வீதம் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை தாம் செய்த வேலையை எழுதிச் சமர்ப்பிக்க வேண்டும் என்பதே அவருக்கிருந்த கடமை. அவர் அவ்வாறே எழுதிக் கொடுத்தார்.

அதே சர்வகலாசாலை முப்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின் அன்னா மாணி விஷயத்தில் வேறு விதமாக நடந்தது. பிரசிடென்ஸி கல்லூரியில் படித்துவிட்டு 1940இல் பெங்களூர் விஞ்ஞானக் கழகத்தில் ராமனின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்த அந்தப் பெண், முப்பதுக்கும் மேற்பட்ட வைரங்களை ஒவ்வொன்றாக எடுத்து, ஒளியூட்டி, அவை உமிழும் நிறமாலையைப் புகைப்படத் தகட்டில் பதித்தார். வைரத்திலிருந்து வரும் ஒளி மிக மங்கலாதலால், ஒரே தகட்டுக்குப் பதினைந்து, இருபது மணி நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. தகடு பதிவாகும்வரை இரவெல்லாம் ஆய்வுக்கூடத்திலேயே கழியும். விடிந்த பின் அதைக் கழுவி, கோடுகளை அளந்து, குறித்து, அடுத்த வைரத்தை வைப்பார். இப்படி உழைத்துத் தனிப்பெயரில் ஐந்து கட்டுரைகள் வெளியிட்டு, 1945இல் ஆய்வேட்டையும் சமர்ப்பித்தார். பெங்களூரில் நடந்த ஆராய்ச்சிக்கு அக்காலத்தில் பட்டம் வழங்க வேண்டியது சென்னை. அவருக்கு எம். எஸ்ஸி. பட்டம் இல்லை என்று காரணம் காட்டிச் சென்னை டாக்டர் பட்டத்தை மறுத்துவிட்டது. ஒருவருக்காக வளைந்த விதி இன்னொருவருக்கு ஏன் வளையவில்லை என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு வருத்தம் உண்டாகிறது. பின்னாளில் அவர் வானிலைத் துறையில் சேர்ந்து, அதுவரை வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்த கருவிகளை இந்நாட்டிலேயே செய்ய வழிவகுத்துப் பெரும் புகழ் பெற்றார். ஆயினும் அந்த அநீதி அநீதிதான்.

இதை எழுதுவது உங்களை அச்சுறுத்துவதற்கன்று. முக்கியமாக நம் வீட்டுப் பெண்களுக்காக எழுதுகிறேன். சேர்ந்த முதல் வாரத்திலேயே விதிமுறைப் புத்தகத்தை வாங்கி ஒருவரி விடாமல் படித்துவிடுங்கள். டாக்டரல் கமிட்டி எப்போது கூட வேண்டும், கைடை மாற்றிக்கொள்ள வழி என்ன, சினாப்சிஸ் கொடுத்தபின் எத்தனை காலத்துக்குள் ஆய்வேடு தர வேண்டும், புகார் இருந்தால் யாரிடம் எழுத்தில் கொடுப்பது என்பவையெல்லாம் அதில் இருக்கும். கைடு நல்லவராக இருந்தால் அது தேவைப்படாது. தேவைப்படும் நாளில் அது தெரியாமலிருப்பது பெரிய ஆபத்து. அவரைத் தேர்ந்தெடுக்கும் முன், அவருடைய பழைய மாணவர்களிடம், ஒருவரிடமல்ல, பலரிடம், தனித்தனியே கேளுங்கள். கேட்க வேண்டியது அவர் எவ்வளவு கெட்டிக்காரர் என்பதையல்ல. அவரோடு உடன்படாத மாணவர் என்ன ஆனார் என்பதையே.

பணத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. நெட் பரீட்சையில் தேறி இளநிலை ஆராய்ச்சியாளராகச் சேர்பவருக்கு 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். இரண்டு வருஷம் கழித்து 42,000. விடுதியில் இருப்பவருக்கு இது போதும், வீட்டுக்கும் கொஞ்சம் அனுப்பலாம். சில சமயம் மாதக்கணக்கில் தாமதப்படும். ஆகையால் முதற் பணம் வந்தவுடனே ஊரில் செலவுசெய்து தீர்த்துவிடாதீர்கள்.

பாஷையைப் பற்றிய கவலை உங்களில் பலருக்கு இருக்கிறது என்பதை அறிவேன். வீட்டில் நகரித் தமிழ், பள்ளியில் தெலுங்கு, கல்லூரியில் பாதி ஆங்கிலம் என்று வளர்ந்த பிள்ளை, சென்னையில் தமிழைப் பேசினால் தெலுங்கு வாடை என்கிறார்கள், இங்கே தெலுங்கைப் பேசினால் தமிழ் வாடை என்கிறார்கள், ஆங்கிலத்தைப் பேசவோ துணிவில்லை. இரண்டு பாஷைகளில் பிறந்தது முதல் யோசித்து வந்தவர்கள் மூன்றாவதில் தடுமாறுவது சில மாதங்களுக்குத்தான். அந்த மாதங்களில் வாய்மூடி இருந்துவிட்டால் தடுமாற்றம் நிரந்தரமாகிவிடும். இலக்கணம் பிழைத்தாலும் கேள்வி பிழையாக இராமல் பார்த்துக்கொள்ளுங்கள். கருத்தரங்கில் எல்லோர் எதிரிலும் கேட்கக் கூசினால், முடிந்தபின் பேசியவரிடம் போய்த் தனியே கேளுங்கள். ஒரு பருவம் அப்படிச் செய்தவன் அடுத்த பருவத்தில் தானாகவே கை உயர்த்துவான்.

நடுவில் விட்டுவிட்டு வருபவர்களும் உண்டு. மூன்று வருஷம் பார்த்து, இது தனக்கு உரிய வாழ்க்கையல்ல என்று தெளிந்து, வேலைக்குப் போன பிள்ளைகளை எனக்குத் தெரியும். அவர்கள் தோற்றவர்கள் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்வதில்லை. முடிக்கவும் மனமின்றி, விடவும் தைரியமின்றி, ஊருக்குப் பயந்து அங்கேயே வாடுவதுதான் எனக்குக் கவலை தருகிறது. உடம்பும் மனமும் கெடும் நிலை வந்தால் தாமதிக்காமல் யாரிடமாவது சொல்லுங்கள். எல்லாப் பெரிய வளாகங்களிலும் இப்போது அதற்கென்று ஆலோசகர்கள் இருக்கிறார்கள்.

இன்னொன்று. ஆராய்ச்சி என்றால் பட்டணத்தில்தான் என்ற எண்ணத்தையும் கொண்டுபோக வேண்டாம். நம் காதங்கியில், வயல்களுக்கு நடுவே, முப்பத்திரண்டுக்கு முப்பத்திரண்டாக 1,024 ஆண்டெனாக்களை நிறுத்தி, மேல்வளிமண்டலத்தின் காற்றை அளக்கும் ராடார் முப்பது வருஷத்துக்கு மேலாக இயங்கிவருகிறது. ஏர்ப்பேட்டில், 2015இல் தொடங்கிய இரண்டு மத்திய ஸ்தாபனங்கள் இப்போது சொந்த வளாகங்களில் நடக்கின்றன. அவற்றுள் தொழில்நுட்பக் கழகத்துக்குக் குழந்தைப் பருவத்தில் கைபிடித்து நடை பழக்கியது சென்னைக் கழகமே. நீங்கள் முடித்துத் திரும்பும்போது உங்களுக்கு இங்கே வேலை இருக்கும் என்று நான் வாக்களிக்க இயலாது. ஆனால் திரும்பி வருவதற்கு ஓர் இடம் இருக்கிறது என்று இப்போது சொல்ல முடிகிறது, நான் படித்து வந்த காலத்தில் அவ்வளவாகச் சொல்ல முடிந்ததில்லை.

தீபாவளிக்கு வரும்போதெல்லாம் உறவினர் சூழ்ந்துகொண்டு, இன்னும் முடியவில்லையா, உன்னோடு படித்தவன் வீடு கட்டிவிட்டானே என்று கேட்பார்கள். அவர்கள்மேல் கோபம் கொள்ள வேண்டாம். ஆய்வேட்டைக் கொடுத்த பிறகும் வைவா முடியப் பல மாதங்கள் ஆகும் என்பதையெல்லாம் உங்கள் பெற்றோருக்கு இங்கிருக்கும் நாங்கள் விளக்கிச் சொல்லிக்கொள்கிறோம். அந்தப் பொறுப்பை எங்களிடம் விட்டுவிடுங்கள். அதற்குப் பதிலாக ஒன்று கேட்கிறேன். விடுமுறையில் ஒரு நாள், நீங்கள் படித்த பள்ளிக்கூடத்தின் பத்தாம் வகுப்புக்குப் போய், நீங்கள் அங்கே என்ன செய்கிறீர்கள் என்பதை அந்தப் பிள்ளைகளுக்கு நம் பேச்சிலேயே சொல்லுங்கள். முதலில் அவர்கள் தலையசைத்துக் கேட்டுக்கொண்டுதான் இருப்பார்கள். அவர்களில் ஒருவராவது எழுந்து ஒரு கேள்வி கேட்கும் வரையில் அங்கிருந்து புறப்பட்டு வராதீர்கள்.

அன்புடன்,
உங்கள் ஊர் ஆசிரியன் ஒருவன்
திருப்பதி